ஜமாலிடம் போகிற வழியில்

ஆர்ல் நகரத்தில் ரோமானியர்கள் கட்டிவிட்டுப் போன வட்டக் கல்லரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சிப் படியில் என் மாமனார் காசிம் மாமா உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை கறுப்புக் கோட்டு, தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி, மடியில் மாசிக் கருவாட்டுச் சம்பல் டப்பா. கீழே தெருவில் எங்கள் பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது.

நான் பாதிப் படிவரை இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கத்தினேன்.

"மாமா, பஸ்ஸு பொறப்படப் போவுது. எறங்கி வாங்க."

"போனா போவட்டும் மாப்ளே. நாளைக்கு ஒரு பஸ்ஸு வராமலா போயிரும்? இங்கெ வந்து இந்தக் கல்லெப் பாருங்க. சுண்ணாம்பே வைக்காம ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்திருக்கு!"

முந்தா நாள் அவிஞோனில் இதையேதான் சொன்னார். அதற்கு முன்னால் எக்ஸ் நகரத்திலும் இதையேதான் சொன்னார். நாங்கள் கடல் கடந்து வந்தது கல் பார்க்க அல்ல. ஒரு கபுரை, அதாவது ஒரு சமாதியைப் பார்க்க. அந்தக் கபுர் இருந்த ஊர் அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதற்கு மட்டும் போகாமல் புரோவான்ஸ் பிரதேசத்தின் பழைய நகரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

பஸ் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில், மேலே ஏறி வந்தும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு படி கீழே உட்கார்ந்துவிட்டேன்.

பாரிஸ் பார்க்காதவன்

இரண்டு வாரத்துக்கு முன் இந்தத் தொடரில் நான் பிரான்சுக்குப் போய்வந்ததை ஒரு வரியில் எழுதியிருந்தேன். உடனே பூவத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டுவிட்டார். 'பாரிஸ் கோபுரத்தில் ஏறினீர்களா, ஊர் எப்படித் தெரிந்தது?' என்று கேட்டிருக்கிறார்.

நான் பாரிஸ் பார்க்கவில்லை ஐயா. மார்செய் துறைமுகத்தில் இறங்கி, தெற்கே ஒரு மூலையைச் சுற்றிவிட்டு, அதே மார்செயில் கப்பல் ஏறி வந்துவிட்டேன். பிரான்சுக்குப் போய் பாரிஸ் பார்க்காமல் வந்தவன் காரைக்காலிலேயே நான் ஒருவன்தான் என்று என் நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அது பிரெஞ்சுக் கொடி இறங்கி மூவர்ணக் கொடி ஏறிய பிறகு ஒன்றிரண்டு வருஷத்துக்குள். எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். வருஷங்களை என் மனைவிதான் நினைவில் வைத்திருப்பாள், அவளும் பிள்ளைகள் பிறந்ததை வைத்துத்தான் சொல்வாள். நான் அப்போது காரைக்காலில் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரங்களைப் பதிவு செய்கிற அதிகாரியிடம், எழுத்தராக இருந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரான்சின் ஆறுகளையும் அவற்றின் கிளை ஆறுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது. அது எப்படி உடைந்தது என்பதையும் இன்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாமியின் ஒரே கேள்வி

காசிம் மாமாவின் மூத்த மகன் ஜமால். என் மச்சான். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயைச் 'சொல்தா' என்போம். ஜமால் வீட்டில் சொல்லாமல் சொல்தா ஆகிவிட்டான். மாமாவுக்குச் சைகோனில் துணிக்கடை இருந்தது. மகன் கடையில் உட்காருவான் என்று நினைத்திருந்தவருக்கு இது பெரிய அடி. அவன் புறப்பட்ட அன்று மாமா முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தோசீனாவில் சண்டைக்குப் போனான். நெஞ்சில் நோய் கண்டது. பிரான்சுக்குக் கொண்டுபோய் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். சில மாதம் கழித்து, நாங்கள் மேரி என்று சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு தாள் வந்தது. அதில் பெயர், இறந்த ஊர், அடக்கம் செய்த இடம் எல்லாம் இருந்தன. திசை மட்டும் இல்லை.

வேற்று மதத்து வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன். எங்களில் இறந்தவரை வலப்புறமாகச் சாய்த்து, முகம் மக்காவிலுள்ள கஅபாவை நோக்கியிருக்கும்படி வைத்துத்தான் அடக்குவோம். காரைக்காலுக்குக் கஅபா மேற்கே இருக்கிறது. ஆகவே தலை வடக்கே, கால் தெற்கே, முகம் மேற்கே. எங்கள் ஆட்கள் பிழைக்கப் போன ரங்கூனிலும் அதுதான். பினாங்கிலும் அதுதான். சைகோனிலும் அதுதான்.

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு மனிதர், வாய் சும்மா இருக்காமல், "அங்கெல்லாம் செத்தவனெ யாரு தெசை பாத்து வைக்கிறா? எடம் காலியா இருக்குற பக்கம் வைப்பானுங்க" என்று பள்ளிவாசல் வாசலில் சொல்லிவிட்டார். அது எப்படியோ என் மாமியார் ஜொஹரா மாமி காதுக்குப் போய்விட்டது. மகன் போனதற்கு அழுதவர், அன்றிலிருந்து அழுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "அவன் மொகம் எந்தப் பக்கமோ" என்பார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். ஆள் பாதியாகிப் போனார்.

நாங்கள் புறப்பட்ட அன்று மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருமவனே, ஒங்க மாமா அங்கெ போயி அழுதுகிட்டு நிப்பாங்க. ஒண்ணும் பாக்க மாட்டாங்க. நீங்க படிச்சவங்க, நீங்க பாருங்க. என் புள்ளெ மொகம் மேக்கே பாத்து இருக்கா? அது ஒண்ணெ மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"இல்லேன்னா மாமி?"

"இல்லேன்னா அவுங்க தோண்டித் திருப்பி வச்சிட்டு வரணும். வாக்குக் குடுத்திருக்காங்க."

தெருவில் ஊறிய வெந்நீர்

கொழும்பில் கப்பல் ஏறி மார்செயில் இறங்கினோம். நேரே ஜமால் இருந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றேன். "பக்கத்துலெ எக்ஸுன்னு ஒரு பழைய ஊரு இருக்காமே, கப்பல்ல ஒருத்தர் சொன்னாரு. ஒரு நா தங்கிப் பாத்துட்டுப் போவோம்" என்றார் மாமா. பெரியவர் கேட்கிறாரே என்று சம்மதித்தேன்.

விடியுமுன் மாமா அறையில் இல்லை. தேடிக்கொண்டு ஓடினேன். இலை உதிர்ந்த பெரிய மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் அகலமான தெரு. குளிர் காதை அறுத்தது. தெருவின் நடுவே பாசி மண்டிய ஒரு குத்துக்கல், அதிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் என் மாமனார் கோட்டுக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார். தெருக் கூட்டுகிறவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"மாப்ளே, தண்ணி சுடுது!"

கையை வைத்தேன். உண்மைதான். ஊற்று நீர் பூமிக்குள்ளிருந்தே வெதுவெதுப்பாக வந்துகொண்டிருந்தது. தெருக் கூட்டுகிறவரிடம் கேட்டேன். ரோமானியர் காலத்திலிருந்து இப்படித்தான் வருகிறது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"ரெண்டாயிரம் வருஷமா யாரு மாப்ளே அடுப்பு மூட்டுறா?" என்று கேட்டுவிட்டு மாமா அந்த நீரை முகத்தில் அடித்துக்கொண்டார். முகம் பூரித்திருந்தது.

அன்று முழுவதும் அந்த ஊரைச் சுற்றினோம். ஒரு மாளிகையில் வாசலுக்கு இரண்டு பக்கமும் கல்லில் செய்த இரண்டு தடியர்கள், மேல்மாடத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் நரம்பெல்லாம் புடைத்துத் தெரிந்தது. மாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "முன்னூறு வருஷம் ஆச்சுங்குறாங்க. பாவம், கொஞ்ச நேரம் எறக்கி வைக்கச் சொல்லுங்களேன்" என்றார். ஒரு நாள் என்பது மூன்று நாளானது.

வாடைக்கு வாப்பா

பிறகு அவிஞோன். அந்த ஊரைச் சுற்றி முழு மதில். பல்லுப் பல்லாக உச்சி. அதற்குள் நுழைந்தால் நடுவில் பாப்பரசர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த அரண்மனை. அரண்மனை என்று எழுதிவிட்டேன், அது மலையை வெட்டி நிறுத்தியது போல இருந்தது. அதன் கீழே நின்று நிமிர்ந்தபோது எனக்குக் கழுத்து வலித்தது. நாகூர் மினாராவுக்குக் கீழே சின்ன வயதில் நின்றபோது வந்த அதே கிறுகிறுப்பு.

உள்ளே பெரிய பெரிய கூடங்கள். எல்லாம் காலி. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"இம்மாம் பெரிய வூட்டெக் கட்டிட்டு எப்படி மாப்ளே விட்டுட்டுப் போவ மனசு வந்துச்சு?" என்று மாமா ரகசியம் பேசுவதுபோலக் கேட்டார். அங்கே யாரும் சத்தமாகப் பேசத் துணிய மாட்டார்கள்.

வெளியே வந்தால் காற்று. மிஸ்த்ரால் என்று அதற்குப் பெயர். வடக்கிலிருந்து ரோன் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. மாமாவின் தொப்பி பறந்தது. கன்னியாஸ்திரீ ஒருவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, அதைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னார். அந்த அம்மாளும் குனிந்தார்.

"நம்மூரு வாடைக்கு இது வாப்பா" என்றார் மாமா.

அந்த ஊரில் பாதியில் நிற்கும் பாலம் ஒன்று உண்டு. நாலே நாலு வளைவு. மீதியை ஆறு கொண்டுபோய்விட்டது. அதன் நுனிவரை போய் நின்றோம். காலடியில் ரோன் பச்சையாக, வேகமாக, இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த ஆறு அது. ஒப்பித்தபோது அது ஒரு பெயர்தான். நேரில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை மறைப்பானேன்? அன்று அரை நாள் நான் ஜமாலை மறந்தே போனேன். இரவில் படுத்தபோது அது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் மறுநாள் மாமா மேல் கோபமாகத் திரும்பியது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மாமா அங்கே ஆட்டையும் தொடவில்லை, கோழியையும் தொடவில்லை. ரொட்டி, அவித்த முட்டை, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாசிச் சம்பல். அவிஞோனில் விடுதிக்காரி எங்கள் அறைக்கு வந்து மோந்து பார்த்துவிட்டு, ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினாள். மாமா ஒரு துண்டு ரொட்டியில் சம்பலைத் தடவி நீட்டினார். தின்றாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, இன்னொரு துண்டு கேட்டாள்.

படியில் சொன்னது

இனி ஆர்ல் படிக்கட்டுக்கு வருகிறேன். பஸ் போய் அரை மணி இருக்கும். கல்லரங்கின் காவலர் வந்து என்னிடம் பேச்சுக் கொடுத்தார். இங்கே ஒரு காலத்தில் மனிதர்களையும் மிருகங்களையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்த ராஜ்ஜியம் போனது. ஊர் மக்கள் பயந்துபோய் இந்த வட்டத்துக்குள்ளேயே வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். இருநூறு வீடு, கோவில், தெரு என்று ஓர் ஊரே இதற்குள் பல நூறு வருஷம் குடியிருந்தது. இப்போது அந்த வீடுகளும் இல்லை. கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதை மாமாவிடம் முறைப்பாகவே மொழிபெயர்த்தேன். அவர் வெகுநேரம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நீங்க என் மேல கோவமா இருக்கீங்க."

"இல்லெ மாமா."

"பொய் சொல்லாதீங்க. மூக்கு செவந்து கெடக்கு."

"குளுருல செவந்திருக்கு."

சிரித்தார். சிரித்தவர் சட்டென்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு அந்த ஊருக்குப் போவப் பயமா இருக்கு மாப்ளே. இந்த ஊருங்கள்ல பாத்தீங்களா? ஒரு கல்லெ ஒருத்தன் வச்சிட்டுப் போனா, ரெண்டாயிரம் வருஷம் ஆனாலும் அது வச்ச மாதிரியே இருக்கு. இவனுங்க எதையும் மாத்த மாட்டானுங்க. என் புள்ளெயெ மாத்தி வச்சிருந்தா?"

மடியிலிருந்த தொப்பியை ஒரு தடவை திருப்பி வைத்தார்.

"தோண்ட விடுவாங்களா? விட மாட்டாங்க. வூட்டுக்குப் போயி அவ கிட்டெ பொய் சொல்ல என்னால ஆவாது. உண்மையெச் சொன்னா அவ இருக்க மாட்டா. போவாத வரைக்கும் அவன் நல்லபடியாத்தானே இருக்கான்? அதான் ஒவ்வொரு ஊரா பாத்துக்கிட்டிருக்கேன்."

அத்தனை நாளும் ஒரு தகப்பனை நான் ஊர் சுற்றி என்று நினைத்து எரிந்து விழுந்திருக்கிறேன். இரண்டு படி ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்து எனக்கு ரொட்டி தடவிக் கொடுத்தார்.

ஆறு கற்கள்

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனோம். அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். குன்றின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். அதற்கும் ஒரு கோட்டை வாசல், ஒரு மணிக்கூண்டு. மாமா எதையும் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஓர் அம்மாள் தாளைப் பார்த்துவிட்டு, கோடியில் இருக்கும் உயரமான மரங்களைக் காட்டினார். அங்கே ஆறு கற்கள் வரிசையாக நின்றன. வளைவு வைத்த கற்கள். ஒவ்வொன்றிலும் பிறையும் நட்சத்திரமும். நாலாவது கல்லில் ஜமாலின் பெயர்.

"பொற போட்டிருக்கானுங்க மாப்ளே" என்று மாமா கல்லைத் தடவினார். முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார்.

மாமாவுக்குத் திசை சொல்ல யாரும் வேண்டாம். வாலிபத்தில் காரைக்காலிலிருந்து தோணியில் சரக்கோடு போய்வந்தவர். கண்ணைக் கட்டி நடுக்கடலில் விட்டாலும் மேற்கைக் காட்டுவார் என்று கருக்களாச்சேரி மீனவர்களே சொல்வார்கள். சூரியனைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மண் மேடு நீண்டிருந்த பக்கத்தைப் பார்த்தார். தலைமாட்டுக் கல் தெற்கு ஓரத்தில் இருந்தது. மேடு அங்கிருந்து வடக்கே போனது.

"தெக்கே தலை" என்றார். "தெக்கே தலைன்னா மொகம் கெழக்கே."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "முதுகெக் காட்டி வச்சிட்டானுங்களே. மாப்ளே, எங்கேயாவது ஒரு மம்பட்டி வாங்கிட்டு வாங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாசலுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் இருந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் அந்த அம்மாள் முன் கொட்டினேன். நொத்தேர் ஆபீசில் கற்ற மரியாதையெல்லாம் காற்றில் போனது. அந்த அம்மாள் பயந்துபோய், "தாஹர்! தாஹர்!" என்று கூப்பிட்டார்.

தாஹர் போட்ட படம்

செடி வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கையில் களைக்கொட்டோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். அல்ஜீரியாக்காரர். என்னோடு கபுர் வரை வந்து மாமாவுக்கு சலாம் சொன்னார். மாமா பதில் சலாம் சொல்லிவிட்டு எழுந்தார்.

"கேளுங்க மாப்ளே. ஏன் என் புள்ளெயெ கிப்லாவுக்கு முதுகு காட்டி வச்சாங்கன்னு கேளுங்க."

கிப்லா என்பது தொழும் திசை. நான் கேட்டேன். தாஹரின் முகம் இறுகியது.

"ஆஸ்பத்திரியில் நான் சிப்பந்தியாக இருந்தேன். நான்தான் அவனைக் குளிப்பாட்டினேன். நான்தான் குழி வெட்டினேன். நான்தான் வைத்தேன். சரியாகத்தான் வைத்தேன்" என்று சொல்லிக் கையைக் கிழக்கே நீட்டினார். "மக்கா அங்கே."

"மக்கா மேக்கே இருக்கு!" என்று மாமா கையை மேற்கே நீட்டினார்.

ஒரு கபுரின் இரண்டு பக்கமும் இரண்டு முஸ்லிம்கள் எதிரெதிரே கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் மொழிபெயர்ப்பாளன் நான். பிரான்சின் ஆறுகளை ஒப்பிக்கத் தெரிந்த நானும் மனசுக்குள் மாமா பக்கம்தான் நின்றேன்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று தாஹர் கேட்டார்.

"இந்தியா."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, களைக்கொட்டின் நுனியால் மண்ணில் கீறினார். ஒரு கடல். அதன் மேல்கரையில் ஒரு புள்ளி, நாங்கள் நிற்கிற ஊர். கீழ்க்கரையில் அவருடைய ஊர். கிழக்கே எகிப்து. அதைத் தாண்டி ஒரு நீட்டுக் கடல், அதன் கரையில் ஒரு வட்டம், மக்கா. பிறகு இன்னொரு பெரிய கடல். அதற்கு அப்பால் களைக்கொட்டை ஊன்றி, "ஹிந்த்" என்றார்.

மாமாவுக்குக் கடல் படம் புதிதல்ல. மண்டியிட்டுக் குனிந்தார். காரைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து மேற்கே இழுத்துக்கொண்டு வந்தார். வட்டத்தில் நிறுத்தினார். விரலைத் தூக்கி ஜமாலின் புள்ளியில் வைத்தார். அங்கிருந்து கிழக்கே இழுத்தார். அதே வட்டத்தில் வந்து நின்றது.

"யா அல்லா" என்றார். விரலை எடுக்கவே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செங்கடலில் கப்பல் வடக்கே போனபோது, ஜித்தா அந்தப் பக்கம் என்று ஒருவர் காட்ட, நாங்கள் இருவரும் வலப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி துஆ கேட்டோம். வலப்பக்கம் என்றால் கிழக்கு. கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் அஸர் தொழ அறைக்குப் போய், பாயை மேற்கே விரித்தோம்! எக்ஸில் மேற்கே தொழுதோம். அவிஞோனில் மேற்கே தொழுதோம். அத்தனை நாளும் ஸ்பெயினையும் அதற்கு அப்பால் அமெரிக்காவையும் பார்த்துத் தொழுதிருக்கிறோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைவிட நான் பெரிய மடையன்.

இதைத் தாஹரிடம் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. "தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை" என்றார். பிறகு மாமாவைப் பார்த்து மெதுவாக, "உங்கள் மகன் கடைசி நாட்களில் மாங்காய் கேட்டுக்கொண்டே இருந்தான். இங்கே மாங்காய்க்கு நான் எங்கே போவேன்? பழுக்காத ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தேன். உப்புத் தொட்டுத் தின்றான். நன்றாக இருக்கிறது என்றான்" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, மாமா தாஹரைக் கட்டிக்கொண்டார்.

அந்த நாட்களில் நான் எத்தனையோ பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். வெந்நீர் ஊற்று, மலை போன்ற அரண்மனை, இரண்டாயிரம் வருஷத்துக் கல்வட்டம். அந்தப் பிரமிப்பு எல்லாம் சேர்ந்தும், மண்ணில் கீறிய அந்தக் கோடுகளுக்கு ஈடாகாது. பள்ளியில் உலகப் படம் வரைந்து மார்க்கு வாங்கியவன் நான். அதில் மக்காவுக்கு இரண்டு பக்கமும் உண்டு என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

மூவரும் அங்கேயே ஒரு துணியை விரித்து நடுப்பகல் லுஹர் தொழுதோம். தாஹர் முன்னால் நின்றார். மாமா பழக்கத்தில் ஒரு தடவை மேற்கே திரும்பி, பிறகு வெட்கத்தோடு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். வெயில் வலக்கன்னத்தில் விழுந்தது. ஐம்பது வருஷமாகத் தொழுகையில் முதுகுக்குப் பின்னால் இருந்த கிழக்கு அன்று அவருக்கு முன்னால் இருந்தது.

தொப்பி, பெட்டி, தஸ்பீஹ்

மூன்று வாரக் கப்பல் பயணத்தில் மாமா ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தார். மாமியிடம் இதை எப்படி ஆரம்பிப்பது? ஒவ்வொரு நாளும் என்னிடம் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார். "மொதல்ல கல்லெச் சொல்றேன், பொறையெச் சொல்றேன், தாஹரெச் சொல்றேன். அப்பறமா தெசையெச் சொல்றேன்" என்று முடிவானது.

மாமி அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. நாங்கள் வீட்டுக்குள் நுழைந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"மேக்கே பாத்துத்தானே வச்சிருக்காங்க?"

மாமாவுக்குச் சேர்த்து வைத்தது எல்லாம் மறந்துபோனது.

"இல்லெ. கெழக்கே பாத்து."

செம்பு சாய்ந்து தண்ணீர் பாயில் கொட்டியது. மாமி அதைக் கவனிக்கவில்லை. என் மனைவி ஓடிவந்து தாயைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, இரு, சொல்றத்தெக் கேளு" என்று மாமா பதறினார். மாமியின் வெற்றிலைப் பெட்டியை இழுத்துப் பாயின் நடுவில் வைத்தார். "இது மக்கா." தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேற்கே கொஞ்ச தூரத்தில் வைத்தார். "இது அவன் இருக்குற ஊரு." கையில் இருந்த தஸ்பீஹ் மணிமாலையைக் கிழக்கே வைத்தார். "இது காரைக்கால். இதுல நீ. இப்பப் பாரு. இங்கேருந்து மக்கா எந்தப் பக்கம்? மேக்கே. அவன் மக்காவெத் தாண்டி அந்தாண்ட இருக்கான். அங்கேருந்து எந்தப் பக்கம்?"

மாமி பாய்மேல் குனிந்தார். தொப்பியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தஸ்பீஹைப் பார்த்தார். மறுபடி தொப்பியைப் பார்த்தார். பிறகு தொப்பியிலிருந்து தஸ்பீஹ் வரை காற்றில் விரலால் மெல்ல ஒரு கோடு இழுத்தார்.

"அப்ப..." என்றார். "நான் இங்கெ மேக்கே பாத்துத் தொழுவுறப்ப, அவன் அங்கேருந்து என்னெப் பாத்துக்கிட்டுல்ல படுத்திருக்கான்."

கடலைக் கரைத்துக் குடித்த மாமாவுக்கும் அது தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்து தொழுகிற மஃரிபு வக்துக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. மாமி எழுந்து போய் ஒளு செய்துகொண்டு வந்து, பாயை மேற்கே விரித்து உட்கார்ந்துவிட்டார்.